ஒன்பது விரலும் ஒரு தூண்டிலும்

சூசைநாதன் காலை நனைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் கையில் தூண்டிலைக் கொடுத்தார்கள். குடியை விட்டவனுக்கு ஒயின்ஷாப் வாசலில் சுண்டல் கடை வைத்துக் கொடுத்த கதை என்று பின்னால் அவரே சொல்லிச் சிரித்தார். கொடுத்தபோது வீட்டில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. அவருக்கும்தான்.

மீசை முளைத்த நாளிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் நின்ற கால் அது. போன சீசன் முடிகிற சமயத்தில் வலது சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு வெடிப்பு வந்தது. உப்பளத்துக்காரன் காலில் வெடிப்பு இருப்பது வயலில் வரப்பு இருப்பது மாதிரி. இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். வலிக்கவில்லை, அதனால் அவர் குனிந்து பார்க்கவில்லை. அது புண்ணாகி நாற்றம் வந்த பிறகு பெண்சாதி இன்னாசிமேரிதான் பார்த்தாள். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசிமுனையால் பாதம் முழுக்கக் குத்திக் குத்தி, வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டார். "இல்லீங்க டாக்டர். நமக்கு இதெல்லாம் பழக்கம்" என்றார் சூசைநாதன், எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்ட பையனின் நிமிர்வோடு. ஒவ்வொரு 'இல்லீங்க'வுக்கும் டாக்டரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. வலிக்காததுதான் வியாதி என்று பிறகு விளக்கினார்கள். காலமெல்லாம் உப்பில் ஊறியவனைக் கடைசியில் சர்க்கரை தின்றிருந்தது.

சுண்டுவிரலை எடுத்தார்கள். எடுத்த இடம் மூட மாட்டேன் என்று அடம் பிடித்தது. மறுபடி உப்புத்தண்ணீர் பட்டால் அடுத்து எடுப்பது விரலாக இருக்காது என்று சொல்லி, டாக்டர் முழங்காலுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், தையல்காரர் அரைக்கால் டவுசருக்கு அளவு காட்டுவது போல. சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி கொடுத்து அனுப்பினார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது, "கையில பத்து, கால்ல ஒம்போது. பத்தொம்பது வயசுதான் ஆவுது எனக்கு" என்றார் சூசைநாதன். இன்னாசிமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொங்கல் முடிந்ததும் பாத்தி மிதிப்பு தொடங்கியது. உப்பளத்தில் மற்ற வேலையெல்லாம் கைக்கு, இது காலுக்கு. நின்றுபோன மழைத்தண்ணீரை வடித்து, சேற்றை மட்டமாக்கி, ஜோடி ஜோடியாகத் தோளில் கை போட்டுக்கொண்டு, குதிகாலை அழுத்தி அழுத்தி, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே மிதிக்க வேண்டும். தரை சிமெண்டு மாதிரி இறுகிய பிறகுதான் உப்புத்தண்ணீரை விடுவார்கள். மிதிப்பு சரியில்லை என்றால் உப்பில் சேறு ஏறிக் கறுத்துப்போகும். கல்யாணமான வருஷத்திலிருந்து சூசைநாதனும் இன்னாசிமேரியும் ஒரே ஜோடி. இரண்டு பேருக்கும் வீட்டில் சண்டை நடந்த மறுநாள் மிதித்த பாத்திதான் நன்றாக இறுகும் என்று மேஸ்திரியே சொல்வார்.

இந்த வருஷம் இன்னாசிமேரிக்கு ஜோடி பக்கத்துத் தெரு தனகோடி. சூசைநாதன் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வரப்பு வரைக்கும் போனார். இரண்டாம் நாள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். மூன்றாம் நாள் ஒரு காலைச் சேற்றில் வைக்கப்போகும்போது மேஸ்திரி பார்த்துவிட்டு, ஒரு ஆளைத் துணைக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். அன்று இரவு இன்னாசிமேரி சோறு போட்டாள். மகள் ஜெர்லினுக்குப் போன் போட்டு, அப்பா தானாகவே காலை வெட்டிக்கொள்ளப் பார்க்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

ஜெர்லினை இடையஞ்சாவடியில் கட்டிக் கொடுத்திருந்தது. ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகளைப் பராமரிக்கிற வேலை. பல மாதம் தங்கிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன தூண்டில் கழி அங்கே அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. மேலாளரிடம் கேட்டு வாங்கி, பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தாள். கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற வாய்க்காலின் பாலத்துக்குக் கீழே கரைக்குப் போட்டிருக்கிற கருங்கல் மேல் உட்கார்ந்துகொள், காலைத் தொங்கவிடாதே என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"தண்ணியப் பாத்துக்கினே இருக்கலாம்ப்பா. எறங்க மட்டும் வேணாம்."

"மீனு?"

"மீனு வந்தா வருது, வராட்டிப் போவுது. நீ கல்லு மேல இருந்தாப் போதும்."

அப்படித்தான் தன் வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டிராத ஒரு மனிதர், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர், முதல் முறையாகத் தூண்டில் கட்ட உட்கார்ந்தார். உப்பளத்துச் சனத்துக்கு மீன் என்பது கூடையில் வருவது. அதன் வாயில் எதை வைத்தால் அது வரும் என்று யாரும் யோசித்தது இல்லை.

கழி ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குவது. இழுத்தால் ரேடியோ ஏரியல் போல நீண்டது. நரம்பு என்கிற நைலான் இழை போகிற வளையங்கள் ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. நரம்பு சுற்றிய ரீலைத் தலைகீழாக மாட்டினார். நரம்பை ஒவ்வொரு வளையமாகக் கோத்து நுனி வரைக்கும் கொண்டுபோன பிறகுதான், ரீலின் மேல் நரம்பை விடுவிக்கிற கம்பி வளையத்தைத் திறக்காமலே கோத்துவிட்டது தெரிந்தது. எல்லாவற்றையும் உருவி மறுபடி கோத்தார். கடையில் கேட்டு வாங்கிய தூண்டில்முள் சுறாவுக்குப் போதும். ஈயக்குண்டு இல்லாததால் சைக்கிள் கடையிலிருந்து ஒரு பெரிய நட்டு வாங்கிக் கட்டினார். முதல் வீச்சில் கம்பி வளையத்தைத் திறக்க மறந்தார். நரம்பு பட்டென்று அறுந்தது. நட்டும் முள்ளும் மட்டும் விடுதலையாகி வாய்க்கால் நடுவில் போய் விழுந்தன. ஏதாவது மீனின் மண்டையில் விழுந்திருந்தால் அன்றைக்கே குழம்பு.

"அண்ணா, நீங்க மீனப் புடிக்கறீங்களா, கல்லால அடிக்கறீங்களா?"

கேட்டவன் அறிவழகன். மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவன். மதியத்துக்கு மேல் கடையில் ஈ ஓட்டுவதற்குப் பதிலாக இங்கே வந்து தூண்டில் போடுவான். சொந்த ஊர் பெருமுக்கல். மலை மேல் கோயில் இருக்கிற ஊர்க்காரன், கடலோரத்துக்காரனுக்குத் தூண்டில் பாடம் எடுத்தான். அவனும் எல்லாவற்றையும் யூடியூப்பில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அதை மறைக்கிற ஆள் இல்லை.

வளையங்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்க்கச் சொன்னான். பட்டாணி அளவு ஈயம், அது நரம்பில் ஓடி விளையாட வேண்டும், கட்டி வைக்கக் கூடாது. முள் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்க வேண்டும். இந்த உவமையைச் சொல்லிவிட்டு அவன் சூசைநாதனின் காலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "பரவால்லப்பா, கையில இருக்குது" என்று சூசைநாதன் சுண்டுவிரலைக் காட்டினார். முள்ளின் காதில் நரம்பை விட்டு, நாலைந்து முறுக்கு முறுக்கி, திரும்ப உள்ளே விட்டு இழுக்க வேண்டும். இழுக்கும்முன் எச்சில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு உரசிச் சூடாகிப் பலம் போய்விடும். ஆசைப்பட வேண்டிய மீன் கிழங்கான், ஏனென்றால் கரைக்குப் பக்கத்தில் வருகிறது, கத்துக்குட்டியையும் மதிக்கிறது.

இரை விஷயத்தில்தான் பல நாள் போனது. மைதா மாவை உருட்டிப் போட்டார். அது தண்ணீரைத் தொட்டதும் பாலாகக் கரைந்தது. கோழிக்குடல் போட்டார். ஊரிலுள்ள நண்டுகளெல்லாம் உறவுமுறையோடு வந்து தின்றுவிட்டுப் போயின. கடைசியில் இறால் வாங்கினார். மீந்த இறால் கெட்டுப்போகக் கூடாதே என்று கை தானாகவே உப்பில் போட்டுப் புரட்டி வைத்தது. உப்பளத்துக்காரன் கை, கொஞ்சமாகப் போடத் தெரியாத கை. மறுநாள் எடுத்துப் பார்த்தால் இறால் செருப்புத் தோலாக இருந்தது. முள்ளில் ஏற்றவே ஆணி தேவைப்பட்டது. ஒரே இறால் மூன்று நாள் தாங்கியது. எந்த மீனும் கிட்டே வரவில்லை.

"இது இரை இல்லண்ணா, கருவாடு" என்றான் அறிவழகன். "மீனுக்கே கருவாடு போடற மொத ஆளு நீங்கதான்."

பச்சை இறாலை உரித்து, நூல் மாதிரிக் கிழித்து, முள் முழுக்க மூடும்படி கோக்க வேண்டும் என்று செய்து காட்டினான். அதைவிட நல்லது சேற்றுப்புழு. கிழங்கான் தரையில் மேய்கிற மீன், சேறு கலங்குகிற இடத்தில் புழு கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். ஆனால் சேற்றில் இறங்கித் தோண்ட வேண்டும். சூசைநாதன் அந்தப் பேச்சைக் கேட்காதது மாதிரி ரீலைத் துடைத்தார்.

ரீலை வைத்து வீட்டில் தனிக் கச்சேரி நடந்தது. உப்புத்தண்ணீர் பட்ட ரீலை அன்றன்றைக்கே நல்லதண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளும் என்று அறிவழகன் சொல்லியிருந்தான். குழாயில் நல்லதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். இன்னாசிமேரி பாத்தியிலிருந்து வந்து, முழங்கால் வரை வெள்ளை பூத்த காலை ஒரே சொம்புத் தண்ணீரில் கழுவி முடிப்பாள். பக்கத்தில் சூசைநாதன் ரீலைத் தட்டில் வைத்து மூன்றாவது சொம்பை ஊற்றிக்கொண்டிருப்பார்.

"இன்னா, ஞானஸ்நானம் நடக்குதா? பேரு வச்சாச்சா?"

"கழுவலன்னா துருப்புடிச்சிடும் மேரி."

"நான் வேணும்னா அந்தத் தட்டுல ஒக்காந்துக்கறேன். எம்மேலயும் ரெண்டு சொம்பு ஊத்து. எனக்கும் துருப்புடிக்குது."

அதற்குப் பிறகு அவர் ஒரு தண்ணீர் பாட்டிலில் அளந்து நிரப்பிக்கொண்டு போய், பாலத்தடியிலேயே கழுவிக்கொள்ளத் தொடங்கினார்.

கல்லின் மேல் உட்கார்ந்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உப்பளம் தெரியும். வெயிலில் மிதிப்பவர்கள் கறுப்புக் கோடுகளாக அசைவார்கள். அத்தனை பேரில் இன்னாசிமேரியை அவருக்கு அடையாளம் தெரிந்தது. இடது குதிகாலை ஒரு அழுத்து கூடுதலாக வைப்பாள். தனகோடி எப்போதும் அரை மிதி பின்தங்கினாள். பார்க்கப் பார்க்க சூசைநாதனுக்குப் பல் கூசியது. அவர் அறியாமல் அவர் குதிகால்கள் கல்லின் மேல் தாளம் போட ஆரம்பித்தன. "அண்ணா, அந்தக் காலக் கொஞ்சம் சும்மா வைங்க. மீனெல்லாம் பாண்டிச்சேரிக்குப் போயிடும்" என்று அறிவழகன் கெஞ்சுவான். அவர் நிறுத்துவார். ஒரு நிமிஷத்தில் கால் மறுபடி தொடங்கிவிடும். கழி நுனி தலையாட்டுகிற நேரத்தில் அவர் கண் அந்தப் பக்கம் இருக்கும். அதனால் மீனும் இல்லை.

தவக்காலம் பிறந்தது. சாம்பல் புதன் கழிந்த வாரத்தில் மாதா கோயில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, ஏசு சீடர்களின் பாதத்தைக் கழுவிய நினைவாக, கோயிலில் சாமியார் பாதம் கழுவுவதற்குப் பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்கள். உப்பளத் தெருவின் சார்பில் வருஷா வருஷம் சூசைநாதன்தான். உபதேசியார் காப்பியைக் குடித்துவிட்டு, கட்டு நனையக் கூடாது இல்லையா, இந்த ஒரு வருஷம் வேறு யாரையாவது என்று இழுத்தார். நல்ல மனிதர், சொல்லும்போது வேர்த்தது. அவர் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சூசைநாதனே கைகொடுத்தார்.

"பன்னெண்டு பேருக்கு நூத்தியிருவது வெரல் வேணும் உபதேசியாரே. நான் வந்தா கணக்கு ஒதைக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு சூசைநாதன் வெகுநேரம் எம்.சி.ஆர். செருப்பின் வாரை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

அதற்கு மறுநாள்தான் முள் மாட்டியது. மாட்டியது மீனில் இல்லை, தண்ணீருக்குள் கிடந்த எதிலோ. நீர் வற்றுகிற நேரம், முழங்காலுக்கும் கீழேதான் ஆழம். கையில் இருந்த கடைசி முள் அது. அறிவழகன் இன்னும் வரவில்லை. சட்டைப் பையில் இறால் கொண்டுவந்த பிளாஸ்டிக் பை இருந்தது. அதைக் கட்டுக்கு மேல் போட்டு, ரப்பர் பேண்டு இரண்டைச் சுற்றி, ஒரே நிமிஷ வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

முள்ளை எடுக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஆனால் அடியில் சேறு இருந்தது. மாதக்கணக்கில் கல்லையும் சிமெண்டையும் மிதித்த கால், தன் ஊருக்கு வந்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. வலது குதிகால் அழுந்தியது. பிறகு இடது. வலது கை தானாக எழும்பி, இல்லாத ஒரு தோளைத் தேடியது. அவர் மிதித்தார். பாலத்தூணுக்கு மறைவில், உப்பளத்திலிருந்து பார்த்தால் தெரியாத அந்த இடத்தில், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, ஒரு பாத்தி அளவுக்கு மிதித்தார். களைத்துப்போய் ஏறிக் கல்லில் உட்கார்ந்தபோது தண்ணீர் டீ மாதிரி கலங்கியிருந்தது. சும்மா இரையை அதில் போட்டார்.

கழி நுனி வளைந்தது. கிழங்கான், ஒரு சாண். எடுத்துவிட்டுப் போட்டார், இன்னொன்று. அறிவழகன் வருவதற்குள் வாளியில் அரைக்குழம்புக்கு மீன் இருந்தது.

அன்று இரவு இன்னாசிமேரி புளி குறைத்துக் குழம்பு வைத்தாள். கிழங்கான் லேசான மீன், பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் கொடுப்பது. ஒரு கவளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் உட்கார்ந்தபடியே கண் சொக்கிப்போகிறவள், அன்றைக்குத் தலையை நன்றாகக் குனிந்து, முள்ளை நாக்காலேயே பிரித்து, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்தபோது சூசைநாதனுக்குப் பாத்தி இறுகியதைப் பார்த்த திருப்தி வந்தது. கெட்ட திருப்தி என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

மறுநாளும் பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு. அதற்கு அடுத்த நாளும். அறிவழகனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்து, அண்ணனின் ரகசிய இரை என்ன என்று வீடியோ எடுத்தான். "கோதும மாவுல கொஞ்சம் உப்பு" என்றார் சூசைநாதன் கேமராவைப் பார்த்து. அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் எந்தெந்த வாய்க்காலில் கோதுமை மாவைக் கரைத்தார்களோ, அந்தப் பாவமும் அவர் கணக்கில்தான்.

இரவில் கட்டு மாற்றிவிடுவது இன்னாசிமேரியின் வேலை. மிதிப்பு தொடங்கியதிலிருந்து அவள் சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்துவிடுவதால் அவரே மாற்றிக்கொண்டார். பை கிழிந்து தண்ணீர் உள்ளே போனது அவருக்குத் தெரியும். தெரிந்தும், வலிக்கவில்லையே என்று இருந்தார். முட்டாளுக்கும் இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிறது கடவுளின் பழக்கம். அதையும் முட்டாள்தனமாகச் செலவழிக்கிறது முட்டாளின் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், இன்றைக்கு நான் பார்க்கிறேன் என்று அவர் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டுத்துணியின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பொடியா இருக்குது" என்றாள். "பாத்தித் தண்ணின்னா பரல் பரலா பூக்கும். இது வாய்க்காத் தண்ணி."

 கட்டைப் பிரித்தாள். குதிகால் வெடிப்பில் மிதித்த சேறு அப்பிக் கிடந்தது. புண்ணின் ஓரத்தில் தோல் வெளுத்து ஊறி, ஈரத்தில் கிடந்த அட்டை மாதிரி இருந்தது. சூசைநாதன் சண்டைக்குத் தயாரானார். அவள் மருந்து போட்டாள், புதுத்துணி சுற்றினாள், முடிச்சுப் போட்டாள்.

"மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வர்றேன். செவ்வாக்கெழம பாண்டிச்சேரி போலாம்."

அவ்வளவுதான். அன்று முழுக்க வேறு பேச்சு இல்லை. திட்டியிருந்தால் அவர் தூங்கியிருப்பார்.

திங்கட்கிழமை சாயங்காலம், வேலை விட்டவர்கள் பாலத்தின் மேல் வரிசையாக வீட்டுக்குப் போனார்கள். சூசைநாதன் கல்லின் மேல்தான் இருந்தார், அன்று இறங்கவில்லை. வாளி காலி. அறிவழகன் கடைக்குக் கூட்டம் வந்துவிட்டது என்று போய்விட்டான். வரிசையிலிருந்து ஒரு ஆள் பிரிந்து, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகச் சரிவில் இறங்கி வந்தது. இன்னாசிமேரி. டிபன் தூக்கைக் கல்லில் வைத்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகினாள்.

"எங்க மிதிச்ச?"

"என்னாது?"

"எந்த எடத்துலன்னு கேக்கறேன். காட்டு."

அவர் கழி நுனியால் காட்டினார்.  அவள் தண்ணீரில் இறங்கினாள். காலையிலிருந்து மிதித்த காலை மறுபடி சேற்றில் ஊன்றி, வலது, இடது, இடதுக்கு ஒரு அழுத்து கூடுதல். வலது கை எழும்பி, பிடிக்கத் தோள் இல்லாமல் காற்றில் நின்றது. சூசைநாதனின் குதிகால்கள் கல்லில் அவளுக்குப் பதில் சொல்லின, அரை மிதிகூடப் பின்தங்காமல்.

"ம். போடு" என்றாள், தள்ளி நின்று.

கம்பி வளையத்தைத் திறந்தார். விரலால் நரம்பைப் பிடித்தார். வீசினார். அவர் வீசியதிலேயே நல்ல வீச்சு அது, பார்ப்பதற்கு அறிவழகன் இல்லை. கொஞ்ச நேரத்தில் நுனி ஆடியது. ஒரு கிழங்கான் வந்தது.

"இன்னொன்னு போடு."

"போதும். ஏறு."

"கொழம்புக்கு ஒன்னு பத்துமா? போடு."

அவள் மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். இந்த முறை குதிகால் அழுந்தவில்லை, சேற்றில் வழுக்கியது. ஒருமுறை தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"மேரி, ஏறு."

"எறங்காதன்னு சொன்னப்போ நீ கேட்டியா?" மூச்சு வாங்கியது. குரலை உயர்த்தவில்லை. "ஒனக்கு மீனு வேணும்னா இனிமே நான் மிதிக்கறேன்யா. காலையில அங்க, சாயங்காலம் இங்க. எனக்கு என்னா, ரெண்டு காலு இருக்குது. தனகோடிகூட மிதிச்சு மிதிச்சு தோளே நோவுது எனக்கு. இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் நீ வருவன்னு இருக்கறேன். ஒத்தக்காலோட வந்து நின்னன்னா, நான் யாரு தோள்ல கை வைக்கறது?"

வாய்க்காலில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. கலங்கல் மெதுவாகக் கரைந்தது.

"இனிமே எறங்கல" என்றார் சூசைநாதன். "மாதா மேல சத்தியம். ஏறி வா."

அவள் ஏறி வந்து அவருக்கு எதிர்க்கல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள். சேறு முழங்கால் வரைக்கும். அதற்கு அடியில் காலையிலிருந்து காய்ந்த உப்பு. அவர் ரீலுக்காகக் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, அவளுடைய இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஊற்றினார்.

"அது ரீலுக்கு இல்ல?"

"அது கெடக்குது."

"பெரிய வியாழனுக்கு இன்னும் நாளு இருக்குதுய்யா."

"என்னத்தான் தள்ளிட்டாங்க. ஒனக்காவது பத்தும் இருக்குதான்னு எண்ணிக்கறேன்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். அவர் விரல் விரலாகச் சேற்றை எடுத்தார். கட்டைவிரலுக்கு அடியில் வந்ததும் கை நின்றது. பிளேடால் கீறின மாதிரி ஒரு வெடிப்பு. உள்ளே சேறு கறுப்பாக நிரம்பியிருந்தது.

"இது எப்போலருந்து?"

"எது?"

"இது."

குனிந்து பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "தெரியலய்யா."

"வலிக்குதா?"

"இல்ல. நமக்கு இதெல்லாம் பழக்கம்தான?"

சூசைநாதன் அவள் பாதத்தைத் தன் பக்கம் திருப்பினார். டாக்டரின் முகம் ஏன் அப்படி வாடியது என்று இப்போதுதான் புரிந்தது. மிச்சத் தண்ணீரை ஊற்றி வெடிப்பின் ஓரத்தைக் கழுவினார். சட்டைப் பையில் அறிவழகன் கொடுத்த புது முள் பொட்டலம் இருந்தது. பிரித்து ஒன்றை எடுத்தார்.  அவள் கண்ணை மூடிக் கல்லில் சாய்ந்திருந்தாள். குதிகாலில் முள் முனையால் தொட்டார். அவள் அசையவில்லை. அங்கே தோல் தடிப்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். பாதத்தின் நடுவில், மெல்லிய இடத்தில், இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"யோவ்." அவள் கால் விருட்டென்று வந்து அவர் நெஞ்சில் உதைத்தது. பாட்டில் உருண்டு தண்ணீருக்குள் போனது. "என்னாய்யா பண்ற?"

"வலிச்சுதா?"

"முள்ளால குத்தினா பின்ன பூவாட்டமா இருக்கும்?"

"நெஜமா வலிச்சுதா? சும்மா சொல்றியா?"

"எதுக்குய்யா சும்மா சொல்றேன். உயிர் போவுது."

"போவுதா" என்றார் சூசைநாதன். "நல்லா இருக்குது. நல்லா வலிக்குது ஒனக்கு." உதை வாங்கிய நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. மூக்கிலிருந்து ஒழுகியதைத் தோளில் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஒன்னையும் அந்த டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோம் மேரி. அவரு குத்தும்போதும் இந்த மாதிரியே ஒதைக்கணும் நீ. தெரிஞ்சுதா?"

இன்னாசிமேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழியோடு அவர் மடியோரம் சாய்ந்து கிடந்த ரீல் முழுக்கச் சேறும் உப்பும். நாளைக்கு அது பூட்டிக்கொள்ளும். அவள் வலது காலையும் மெதுவாகத் தூக்கி, ரீலை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் மடியில் வைத்தாள்.

"இதயும் குத்திப் பாரு" என்றாள்.